கண் மட்டும் இருந்தால் போதுமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் வைத்திருப்பவர்கள் தலைப்பைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான், இரண்டாவது அட்டெம்ப்ட்டில்தான் தேறினேன்.

போன மாதம் எங்களுக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டின் முதல் ரிவ்யூ. எங்கள் வகுப்பில் நான்கு டீம் ரோபோ எடுத்திருக்கிறோம். நான்கிலும் கேமரா உண்டு. எங்களுக்கு முன்னால் போன டீம் லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டியது. செமினார் ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லோர் முகத்தைச் சுற்றியும் பச்சைக் கட்டம், மேலே பெயர், பக்கத்தில் 97%, 98% என்று ஒரு எண். தூங்கிக்கொண்டிருந்த ஒருவனுக்குக்கூட கட்டம் சரியாக விழுந்தது. கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

அடுத்து நாங்கள். எங்கள் சரக்கு எளிமையானது. நான்கு சக்கர வண்டி, முன்னால் ஒரு கேமரா. சிவப்புப் பந்தைக் காட்டினால் அதை நோக்கி வர வேண்டும், ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவுதான். மேஜையின் ஓரத்தில் நான் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி பந்தைப் பார்த்தது. ஸ்க்ரீனில் பச்சைக் கட்டம் கச்சிதமாகப் பந்தின் மேல் உட்கார்ந்தது. வண்டி வந்தது, வந்துகொண்டே இருந்தது, பந்தை இடித்தது, என்னைத் தாண்டித் தரையில் விழுந்தது. கேமரா ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம்.

எங்கள் கைடு சிரிக்கவில்லை. "கண்ணு நல்லாத்தானேப்பா தெரியுது, அப்புறம் ஏன் விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குச் சொல்ல முடியாத பதில்தான் இந்தப் பதிவு. கூடவே ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அது நம் எல்லோர் மேலும்தான்.

முதலில் வண்டி விழுந்த காரணம். ஹாஸ்டலுக்கு வந்து நிதானமாக அளந்து பார்த்தோம். கேமரா படம் எடுத்து, அது லேப்டாப்புக்குப் போய், பந்து எங்கே என்று கண்டுபிடித்து, மோட்டாருக்குக் கட்டளை போக 200 மில்லிவினாடி ஆகிறது. வண்டியின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 10 சென்டிமீட்டர். அதாவது "பந்து இன்னும் தூரத்தில் இருக்கிறது" என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது 10 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிட்டது. அதற்கப்புறம் பிரேக் போட்டாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு கொஞ்சம் போகும். எங்கள் வண்டிக்குப் பார்வைக் கோளாறு இல்லை. அது பார்த்தது எல்லாமே பழைய காட்சி, அவ்வளவுதான். பழைய காட்சியை வைத்து இப்போது எங்கே இருப்போம், இன்னும் அரை வினாடியில் எங்கே இருப்போம் என்று கணக்குப் போட அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இது புதிய பிரச்சினை இல்லை. 1979-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் ஒரு வண்டியைத் தானாக ஓடவைத்துக் காட்டினார். நாற்காலிகள் போட்ட அறையை, கேமராவை மட்டும் வைத்து, யார் உதவியும் இல்லாமல் அது கடந்தது. எடுத்துக்கொண்ட நேரம் சுமார் ஐந்து மணி. ஒரு மீட்டர் நகரும், நிற்கும், 10 முதல் 15 நிமிடம் யோசிக்கும், மறுபடி ஒரு மீட்டர். நாற்காலிகள் நகராமல் இருந்ததால் பிழைத்தது. உலகம் நமக்காகக் காத்திருந்தால் பார்வை மட்டும் போதும். உலகம் காத்திருக்காது என்பதுதான் சிக்கல்.

இப்போது ஒரு சின்னப் பரீட்சை. பஸ் ஸ்டாண்ட் எதிரே ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வருவது எந்த ரூட் பஸ் என்று பாட்டிக்குத் தெரியாது, கண்ணில் புரை வேறு. ஆனாலும் கடந்துவிடுகிறார். எப்படி? பஸ் வருகிற வேகத்தில் இன்னும் நாலைந்து எட்டில் அது எங்கே இருக்கும், தன் நடைக்கு நாம் எங்கே இருப்போம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். ஒரு எட்டு வைக்கிறார். மறுபடி பார்க்கிறார். பஸ்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டாரா? பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போடுகிறார். தன்னால் ஓட முடியாது என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

பாட்டி செய்வதற்குப் பொறியியலில் ஒரு பெயர் இருக்கிறது. மாடல் ப்ரிடிக்டிவ் கண்ட்ரோல், சுருக்கமாக எம்.பி.சி. (கவுன்சிலிங் கட்-ஆஃப் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) இயந்திரம் எப்படி நகரும் என்பதற்கு ஒரு கணித மாதிரி. அதை வைத்துக் கொஞ்ச தூரம் எதிர்காலத்தை ஓட்டிப் பார்ப்பது. எல்லைகளையும் சேர்த்தே எழுதுவது: ஸ்டியரிங் இவ்வளவுதான் திரும்பும், மோட்டார் இவ்வளவுதான் இழுக்கும், மேஜை இங்கே முடிகிறது. இந்த எல்லைக்குள் சிறந்த வரிசை எது என்று கண்டுபிடித்து, அதில் முதல் அடியை மட்டும் வைப்பது. பிறகு மறுபடி அளந்து, மறுபடி கணக்கு. செஸ் ஆடுபவர்கள் பத்து நகர்த்தல் யோசித்து ஒன்றை மட்டும் நகர்த்துவது மாதிரி.

இது ரோபோக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1970-களில் பிறந்த சங்கதி. பிரான்ஸில் ஜாக் ரிஷலேயும் அவருடைய குழுவும் 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் கட்லர், ராமேக்கர் என்ற இரண்டு இன்ஜினியர்கள் ஏறக்குறைய அதே நேரத்தில் இதே யோசனையை வேறு வழியில் செய்து வைத்திருந்தார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வைத் திருப்பினால் பலன் தெரியப் பல நிமிடங்கள் ஆகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மெதுவாகக் கணக்குப் போட்டாலும் நேரம் இருந்தது. நடக்கும் ரோபோவுக்கு அந்த நேரம் கிடையாது. கம்ப்யூட்டரும் கணக்குப் போடும் முறைகளும் வேகமாகிற வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இதெல்லாம் வரலாறு. நான் சொல்ல வந்ததற்கு 2018-ம் வருஷம் ஒன்றே போதும். அந்த வருஷத்தில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் விஷயம். ஜூலை 2018. எம்.ஐ.டி.யில் சாங்பே கிம் என்ற பேராசிரியரின் குழு சீட்டா 3 என்ற நாலு கால் ரோபோவைக் காட்டியது. எடை சுமார் 40 கிலோ. அது மரத்துண்டுகள் இறைந்து கிடந்த படிக்கட்டில் ஏறியது. கேமரா கிடையாது! குருடு. கால் எதன் மேல் பட்டது என்பதை மூட்டுகளின் நிலையையும் உடம்பின் சாய்வையும் வைத்து ஊகித்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நம்ம எம்.பி.சி. இந்தக் காலால் இவ்வளவு விசை கொடுத்தால் அரை வினாடி கழித்து உடம்பு எங்கே இருக்கும் என்று கணக்கு. 50 மில்லிவினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 20 முறை, புதுக் கணக்கு. பக்கத்திலிருந்து தள்ளினாலும் சமாளித்தது. பார்வையை அதிகமாக நம்பினால் ரோபோ மெதுவாகிவிடும், பார்வை சில சமயம் தப்பாகவும் இருக்கும், கிடைக்காமலும் போகும் என்பது கிம்மின் வாதம். கேமராவை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், முதலில் தொட்டு உணர்ந்து நடக்கட்டும் என்றார்.

இரண்டாவது விஷயம். அதே வருஷம் மார்ச் 18, இரவு பத்து மணி சுமாருக்கு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்மணியை மோதியது. அவர் இறந்துவிட்டார். தானியங்கிக் கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்த முதல் சம்பவம் அது.

இந்தக் காருக்குக் கண் இல்லையா? ஒன்றல்ல, பல. கேமராக்கள், ரேடார், லேசர் கொண்டு அளக்கும் லைடார், எல்லாம் இருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் வெளியிட்ட விசாரணை விவரங்களைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோதலுக்கு 5.6 வினாடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. அப்போது காரின் வேகம் மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர். நாமே கணக்குப் போடலாம்: வினாடிக்கு 19 மீட்டர் சொச்சம், 5.6 வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல். காய்ந்த சாலையில் அந்த வேகத்திலிருந்து அழுத்திப் பிரேக் போட்டால் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மூன்று மடங்கு இடம் இருந்தது.

என்ன செய்தது கார்? பெயர் வைத்துக்கொண்டிருந்தது. முதலில் "வாகனம்" என்றது. பிறகு "ஏதோ ஒன்று". மறுபடி வாகனம், மறுபடி ஏதோ ஒன்று. பிறகு "சைக்கிள்". திரும்பவும் "ஏதோ ஒன்று". கடைசியில் "சைக்கிள்". இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அந்தப் பொருள் அதுவரை நகர்ந்த பாதையை அந்த மென்பொருள் மறந்துவிடும். அதாவது கணிப்பு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். "ஏதோ ஒன்று" என்றால் அசையாமல் நிற்கிறது என்று ஊகம். "வாகனம்", "சைக்கிள்" என்றால் அது தன் லேனில் நேராகப் போகும் என்று ஊகம். ஒரு மனிதர் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் சீராக நடந்துகொண்டே இருந்தார், ஒரு ஸ்கூல் பையன்கூடச் சொல்லிவிடுவான் அவர் எங்கே வருவார் என்று. ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்தில் மனிதர் கடக்கக்கூடும் என்பதற்கே அந்த அமைப்பில் இடம் இல்லை. (நம்மூரில் ஜீப்ரா கிராஸிங்கில் கடப்பவர்தான் அபூர்வம். நினைத்துப் பாருங்கள்.)

1.2 வினாடி இருக்கும்போது மோதப்போகிறோம் என்று கார் புரிந்துகொண்டது. உடனே பிரேக் போட்டதா? இல்லை. பொய் எச்சரிக்கைகளுக்கெல்லாம் பிரேக் போட்டுத் தொலைக்கக்கூடாது என்று, ஆபத்து தெரிந்ததும் ஒரு வினாடி சும்மா இருக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்த ஒரு வினாடி போனது. மிச்சம் 0.2 வினாடி. காரைத் தயாரித்த வால்வோ நிறுவனமே வைத்திருந்த தானியங்கி பிரேக் வசதியும், கார் தானாக ஓடும்போது அணைக்கப்பட்டிருந்தது. மோதும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காரில் கண்காணிக்க ஒரு ஆள் இருந்தார். செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவனிக்காததுதான் முக்கியக் காரணம் என்று வாரியம் சொன்னது. ஊபரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாதவை என்றும் சேர்த்தே சொன்னது. வழக்கு அந்த ஆள் மேல் நடந்து, 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். ஊபர் 2020 டிசம்பரில் தானியங்கிக் கார் பிரிவையே வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக அறிவித்துவிட்டது. "பெயர் மாறினால் பாதையை மறந்துவிடு" என்று எழுதியவர் யார், அதை ரிவ்யூவில் பார்த்துத் தலையாட்டியவர் யார் என்று யாரும் கோர்ட்டில் கேட்கவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ஏனென்றால் அந்த வரியை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். நம்மை மாதிரி ஒரு ஆளாகத்தான் இருந்திருப்பார். கண்டுபிடிப்பதில் 98% வந்ததும் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆக, கண் இல்லாத ரோபோ படியேறியது, கண் நிறைய இருந்த கார் ஒரு உயிரை எடுத்தது. ஒன்று ஆய்வுக்கூடம், இன்னொன்று நடுச்சாலை, இரண்டையும் ஒப்பிடுவது சரியா என்று கேட்பீர்கள். சிரமத்தில் ஒப்பிட முடியாதுதான். நான் சொல்வது ஒன்றுதான்: பார்ப்பது ஒரு வேலை, பார்த்ததிலிருந்து அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது இன்னொரு வேலை, கணித்ததற்கு ஏற்ப உடம்பை நடத்துவது மூன்றாவது வேலை. முதல் வேலைக்கு மட்டும் நாம் கைதட்டுகிறோம்.

ஏன் இப்படி ஆனோம் என்று எனக்கும் தெரியும். 1966-ல் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் பார்வையின் பெரும் பகுதியை ஒரு கோடை விடுமுறையில் மாணவர்களை வைத்து முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். முடிந்ததா? பல பத்தாண்டு இழுத்தது. அப்புறம் 2012-ல் அலெக்ஸ்நெட் வந்தது. படங்களை அடையாளம் காணும் போட்டியில் இரண்டாவதாக வந்த குழுவுக்கு 26.2% பிழை, இதற்கு 15.3% மட்டும். அன்றைக்குத் திறந்த கதவு இன்னும் மூடவில்லை. வேலை அங்கே இருக்கிறது, சம்பளம் அங்கே இருக்கிறது, நாலு வரி கோடில் பச்சைக் கட்டமும் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் என்ன இருக்கிறது? ரூட் லோகஸ், போடே ப்ளாட், செமி-லாக் ஷீட். எதற்குப் போடுகிறோம் என்றே தெரியாமல் நானும் எத்தனையோ ஷீட் போட்டிருக்கிறேன். ஒரு வண்டியைக் கீழே தள்ளிக் காட்டி "இதற்காகத்தான் இது" என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த அரியர் வந்திருக்காது. (சும்மா ஒரு சால்ஜாப்பு.)

எதிர்வாதமும் உண்டு. என் ரூம்மேட் படித்துவிட்டு, "மச்சி, நீ பழைய கதை பேசற. இப்போ எம்.பி.சி.யையே தூக்கிட்டு எல்லாம் கத்துக்கற முறைதான்" என்றான். அவன் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. 2022-ல் சூரிச் ஈ.டி.எச். பல்கலையின் ஏனிமல் என்ற நாலு கால் ரோபோ, பயிற்சியில் தானாகக் கற்ற நடையோடு, எட்செல் மலைப்பாதையில் 120 மீட்டர் உயரத்தை 31 நிமிடத்தில் ஏறியது. 2023-ல் சூரிச் பல்கலையின் ஸ்விஃப்ட் என்ற ட்ரோன் மனித சாம்பியன்களைப் பந்தயத்தில் தோற்கடித்தது. அதுவும் கற்றுக்கொண்ட முறைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏனிமல் எதைக் கற்றது என்று பாருங்கள். பனியும் உயரமான புல்லும் கண்ணை ஏமாற்றும்போது, கண்ணை நம்பாமல் காலை நம்ப வேண்டும் என்று கற்றது! "கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒரு இயந்திரம் மலையேறிக் கற்றுக்கொண்டிருக்கிறது. கணிப்பைச் சமன்பாடாக எழுதுவதா, கற்கவைப்பதா என்பது தனிச் சண்டை. கணிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சமன்பாடாக எழுதினால் ஒரு லாபம் உண்டு: "எல்லை இது, இதைத் தாண்டாதே" என்று நாம் எழுதிய வரியை நாளைக்கு ஒருவர் படித்துக் கேள்வி கேட்க முடியும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் கேள்வி கேட்கும் வசதியை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எனவே என் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரிவ்யூவில் யார் பச்சைக் கட்டம் காட்டினாலும், நான் காட்டினாலும் சரி, கைதட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. பார்ப்பதற்கும் செயல்படுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம்? அதற்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்?

2. என்ன பொருள் என்று குழம்பினால் என்ன செய்யும்? நிற்குமா, மறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்குமா?

3. எத்தனை முறை தோற்றது? அது ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மூன்றாவதற்கு எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது பக்கம் இருக்கிறது. வண்டி விழுந்த படத்தை நாங்களே போட்டிருக்கிறோம். வண்டியையும் ஒட்டுப்போட்டு எழுப்பிவிட்டோம். கேமரா அதே கேமரா, பந்தைக் கண்டுபிடிக்கும் கோடும் அதேதான், ஒரு வரிகூட மாற்றவில்லை. 200 மில்லிவினாடி பழைய காட்சி என்பதைக் கணக்கில் சேர்த்து, இப்போது எங்கே இருப்போம் என்று ஊகிக்க ஒரு சின்னப் பகுதி எழுதினோம். மேஜை விளிம்பை எல்லையாகக் கொடுத்தோம். ஒரு வினாடி முன்னால் பார்க்கச் சொன்னோம். பந்து கண்ணிலிருந்து மறைந்தால் நின்றுவிடச் சொன்னோம். நேற்று ராத்திரி இருபது முறை ஓட்டியதில் பதினேழு முறை ஒரு சாண் தள்ளி நின்றது. இரண்டு முறை பந்தை இடித்துவிட்டு நின்றது. ஒரு முறை பந்து நிழலுக்குள் போனதும், எதுவும் தெரியாத இடத்தில் பேசாமல் நின்றுவிட்டது.

எனக்கு அந்தப் பதினேழைவிட, அந்த ஒரு முறைதான் ரொம்பப் பிடித்திருந்தது.

பி.கு.: இரண்டாவது ரிவ்யூ அடுத்த வாரம். மேஜைக்குக் கீழே ஒரு தலையணை போட்டுவைக்கலாம் என்று இருக்கிறேன். கணித்துச் செயல்படு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நாம் கணிக்காமல் போனால் எப்படி? :-)